வண்டி எல்லாம் எறங்கியாச்சா?

ராத்தாவின் முன்னால் நின்று "ரீசெட் பண்ணிடலாம்" என்று சொன்னவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். முதலாளி வாங்கியிருக்கிறார். நான் பல தடவை வாங்கியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து தன் ரயில் இன்ஜினைத் துண்டில் சுற்றி எடுத்துவந்த ஒரு டாக்டர் வாங்கியதுதான் அதிகம்.

"ஏன் டாக்டரே, வயித்து வலின்னு ஒருத்தன் வந்தா, அவனைப் பெத்துப்போட்ட அன்னிக்கு இருந்த மாதிரி ஆக்கி அனுப்பிருவீங்களோ?"

டாக்டர் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகச் சொன்னதில்லை அது.

அந்த ஆளின் பேரை நான் எழுதப்போவதில்லை. கொச்சியில் இந்த மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், அக்கா என்று அர்த்தம். பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதுவது மலையாளம். கல்யாணமாகி இங்கே வந்து, புருஷன் போன பிறகு பஜார் ரோட்டில் ஒரு சந்துக்குள் போன் ரிப்பேர்க் கடை போட்டிருந்தார். அங்கிருந்துதான் முதலாளி அவரைக் கூட்டிவந்தார். நான் எலக்ட்ரீஷியன். என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இதே ரோட்டுக்கு அரிசி மூட்டை சுமக்க வந்தவர். எனக்கும் மலையாளம்தான் வேகமாக எழுத வரும். தமிழில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

கதை நடந்த இடம் ஒரு பழைய சுக்குக் கிட்டங்கி. முதலாளி கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். போன துறைமுகத்தில் எல்லாம் குட்டி ரயில் வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்று வந்ததும் கிட்டங்கி முழுக்க மேஜை போட்டு, அதன்மேல் மலை, பாலம், குகை, ஸ்டேஷன் எல்லாம் கட்டி, வண்டிகளை ஓடவிட்டு, டிக்கெட் போட்டு வெளியூர்க்காரர்களுக்குக் காட்டினார். மழை வந்தால் சுவரிலிருந்து சுக்கு வாசம் கிளம்பும். வெள்ளைக்காரர்கள் அதையும் சேர்த்து முகர்ந்துவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். நாலு மாதம் முதுகு ஒடிய அந்த மேஜைக்கு அடியில் படுத்து வயர் இழுத்தவன் நான்.

இந்த இன்ஜின்களின் வயிற்றுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். டிகோடர் என்பார்கள். தண்டவாளத்தில் எந்நேரமும் கரண்ட் உண்டு. கையில் இருக்கும் பெட்டியில் ஓர் எண்ணை அழுத்தினால் அந்த எண்ணுக்குரிய இன்ஜின் மட்டும் கேட்கும். மற்றது எல்லாம் காது கேட்காத மாதிரி நிற்கும். அந்தத் தகட்டுக்குள் எண் போட்ட அறைகள் போல நிறைய இருக்கும். ஒன்றில் இன்ஜினின் எண், ஒன்றில் அது எவ்வளவு மெதுவாகக் கிளம்பவேண்டும், ஒன்றில் எவ்வளவு தூரம் உருண்டு நிற்கவேண்டும் என்று ஒவ்வோர் அறையிலும் ஒரு விஷயம் எழுதி வைக்கலாம். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லா இன்ஜினுக்கும் ஒரே எண்தான், மூன்று. எட்டாம் அறையில் எட்டு என்று எழுதினால் ரீசெட். எழுதியது எல்லாம் அழிந்து இன்ஜின் மறுபடி மூன்றாகிவிடும்.

இன்ஜின் சொன்னபடி கேட்கவில்லை என்றால் உலகம் முழுக்க எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். ராத்தா செய்யமாட்டார். என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாமல் அழிப்பது அவருக்கு ஏமாற்று வேலை.

"அழிச்சிட்டா ஓடும். ஆனா என்ன கெட்டிருந்துச்சுன்னு இந்த ஜென்மத்துல தெரியாதுடா. நாளைக்கு அதே கேடு திரும்ப வரும். அப்பவும் நீ அழிப்பே. அழிச்சழிச்சே சாவே."

முதலில் விரலால் தண்டவாளத்தைத் தடவுவார். உப்புக்காற்று ஊர். ஒரு நாள் விட்டால் தண்டவாளம் கறுத்துப்போகும். விரலை முகர்ந்து பார்ப்பார். பிறகு சக்கரம், பிறகு வயர். வயர் என்றதும் என் பக்கம் திரும்பி, "இது ஆரோட கைவேலை?" என்பார். என்னுடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜினைச் சோதனைத் தண்டவாளத்தில் வைப்பார். அது தனியாக ஓரமாகக் கிடக்கும் ஒரு துண்டுத் தண்டவாளம். அங்கே வைத்து ஒவ்வோர் அறையாகத் திறந்து உள்ளே என்ன எண் இருக்கிறது என்று வாசிப்பார். வாசித்து முடிக்கிறவரை பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. அவர் பழம்பொரி தின்பார், நேந்திரம்பழ பஜ்ஜி. எனக்கு வாங்கி வைத்த பழம்பொரியையும் சேர்த்துத் தின்பார். கேட்டால், "உனக்கு எண்ணெய் ஆகாதுடா" என்பார்.

எழுதும்போது மட்டும் ஒரு பழக்கம் உண்டு. தகட்டுக்குள் ஏதாவது எழுதுகிற கட்டளைக்கு இன்ஜினின் எண் எல்லாம் கிடையாது. அந்தக் கட்டளை போகிற தண்டவாளத்தில் எத்தனை இன்ஜின் நின்றாலும் அத்தனையும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். அதற்காகத்தான் தனித் தண்டவாளம், தனி ஸ்விட்ச். ஆனால் ராத்தா ஸ்விட்சை நம்பமாட்டார், அது நான் போட்டது. அதனால் எழுதுவதற்கு முன்னால் தலையைத் தூக்காமல் கிட்டங்கியே அதிரக் கத்துவார்.

"வண்டி எல்லாம் எறங்கியாச்சா?"

மேஜையில் இருக்கும் எல்லா இன்ஜினையும் தண்டவாளத்திலிருந்து எடுத்து வைத்தாயிற்றா என்று அர்த்தம். நான் எங்கே இருந்தாலும், வாயில் ஸ்க்ரூ இருந்தாலும், துப்பிவிட்டுத் திருப்பிக் கத்தவேண்டும்.

"எறங்கியாச்சு!"

அதற்குப் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். பார்க்க வந்தவர்கள் இது ஏதோ சடங்கு என்று நினைத்துப் போட்டோ எடுப்பார்கள்.

டாக்டரின் இன்ஜினுக்கு வருகிறேன். பெட்டியில் எண்ணை அழுத்தினால் முன்விளக்கு எரியும். ஹாரன் அடிக்கும். ஓடாது. மோட்டார் போச்சு என்றேன் நான். மோட்டாரைக் கழற்றித் தனியாகக் கரண்ட் கொடுத்தால் சுற்றியது. டிகோடர் போச்சு என்றார் முதலாளி. டாக்டர் ரீசெட் என்று ஆரம்பித்துத்தான் அந்த வயித்துவலிப் பேச்சை வாங்கினார்.

"லைட்டு எரியுதுல்ல?" என்றார் ராத்தா. "அப்ப கேக்குது. காது இல்லாத வண்டிக்கு லைட்டு எரியுமா? கேக்குது, ஆனா வரமாட்டேங்குது. ஏன் வரலைன்னுதான் பாக்கணும்."

அறை அறையாக வாசித்துக்கொண்டே போய் பத்தொன்பதாம் அறையில் நின்றார். அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. ஏதோ ஓர் எண் இருந்தது.

"டாக்டரே, இதுக்கு ஜோடி உண்டா?"

"ஜோடியா?"

"இன்னொரு இன்ஜின். ரெண்டையும் சேத்துக் கட்டி ஓட்டினீங்களா?"

டாக்டர் யோசித்தார். முன்பு மலைப்பாதை கட்டியிருந்தாராம். ஒரு இன்ஜினால் பெட்டிகளை இழுக்க முடியாமல், இரண்டு இன்ஜினைக் கோத்து, இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண் கொடுத்து ஓட்டியிருக்கிறார். பிறகு மற்றதை யாருக்கோ விற்றுவிட்டார்.

"வித்தீங்க. அவுத்து விட்டீங்களா?"

இல்லை. அதுதான் விஷயம். அப்படிக் கோத்துவிட்டால் விளக்கும் ஹாரனும் சொந்த எண்ணுக்குக் கேட்கும், சக்கரம் மட்டும் அந்தப் பொது எண்ணுக்குத்தான் நகரும். ஜோடி போய் எத்தனையோ காலமாகியும் இது அந்த எண்ணுக்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ராத்தா பெட்டியில் அந்தப் பழைய எண்ணை அழுத்தினார். டாக்டரின் இன்ஜின் ஒன்றும் நடக்காத மாதிரி நகர்ந்து போயிற்று. பத்தொன்பதாம் அறையை மட்டும் காலி செய்து கொடுத்தார். மற்றது எதையும் தொடவில்லை. டாக்டர் எட்டு வருடம் முன்னால் செய்து வைத்த மெதுவான புறப்பாடு அப்படியே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்தா, "தண்டவாளத்தைத் தொடைச்சு வைங்க, வீட்டுல அழுக்கா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

இதைச் சொன்னால் எல்லாரும் ஆகா என்கிறார்கள். அதனால்தான் அடுத்ததையும் சொல்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு சரக்கு இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஏன் குகைக்குள் மட்டும் நிற்கிறது என்று தேடினார். அழித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. முதலாளி கெஞ்சினார், கத்தினார், கடைசியில் வேறு இன்ஜின் வாங்கினார். ராத்தா தேடிக்கொண்டே இருந்தார். கண்டுபிடிக்கவும் இல்லை. இதையும் அவர் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இதே புத்தியைத்தான் மகளிடமும் காட்டினார்.

ஒரே மகள். நர்ஸ். அக்கரையில் வைப்பின் தீவில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்யும் ஒரு கிறிஸ்தவப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, மறுநாள் வந்து சொன்னாள். ராத்தா மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜமாத்திலிருந்து பேச வந்த ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவருடைய பிரச்சினை வேறு.

"நான் நேருக்கு நேரா கேட்டேன்டா, ஏதாவது உண்டா மோளேன்னு. ஒன்னுமில்லைன்னா. பொய் சொன்னா."

மகள் சொன்னது இன்னொன்று. ஒரு நாள் சொல்லத்தான் வந்தேன், உம்மா சால்டரிங் பண்ணிட்டு இருந்தீங்க, 'பொறு, கையில சூடு இருக்கு'ன்னு சொன்னீங்க, நான் போயிட்டேன் என்றாள்.

இரண்டும் நடந்திருக்கும். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ராத்தாவுக்குத் தெரியவேண்டியது எது முன்னால் நடந்தது என்பது. மகள் சொல்ல வந்தது முன்னால் என்றால் தப்பு தன்னுடையது, மன்னிப்புக் கேட்கலாம். தான் கேட்டது முன்னால் என்றால் தப்பு மகளுடையது, அவள் கேட்கவேண்டும். அது தெரியாமல் மகள் வீட்டுக்கு எப்படிப் போவது? இரண்டு வருடம் போகவேயில்லை. 'கையில சூடு இருக்கு' என்பதை அவர் ஒரு நாளில் நூறு தடவை சொல்லுவார். அந்த நூறில் எந்த ஒன்று அது என்று தேடினார்.

"எடா, அன்னிக்கு என் கையில எந்த வண்டி இருந்துச்சு? பச்சை இன்ஜினா, சரக்கு வண்டியா?"

"எனக்கெப்படித் தெரியும் ராத்தா?"

"சரக்கு வண்டின்னா மழைக்காலம். அப்ப நான் கேட்டது…"

"ராத்தா, படகுல ஏறினா வைப்பின். எறங்கி நடந்தா வீடு. போங்க."

"போயி?"

"போயி என்ன. பாருங்க."

"என்ன தப்புன்னு தெரியாம போயி என்னத்தச் சொல்ல?"

எனக்கு மண்டை சூடாகும். சில நாள் கையிலிருப்பதை வீசிவிட்டு வெளியே போய் சாயா குடித்துவிட்டு வருவேன். போன் எடுக்கிறாளா என்று கேட்டால், எடுக்கிறாள், 'ம்' என்கிறாள் என்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். லைட்டு எரியுது என்று நினைத்திருப்பார். அந்தத் திருப்தியைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். விளக்கு எரிகிறது என்று இரண்டு வருடம் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களா?

இப்போது அந்தக் கிட்டங்கியில் மெழுகுவர்த்தி விற்கிறார்கள். வாசனை மெழுகுவர்த்தி. சுக்கு வாசம் நின்ற சுவரில் வெள்ளை அடித்துவிட்டார்கள். ரயில்கள் முதலாளி வீட்டில் பெட்டிக்குள் இருக்கின்றன. எப்போதாவது கூப்பிடுவார், போய் ஓட்டிக் காட்டுவேன். ராத்தா மகளோடு அயர்லாந்தில் இருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டு, ஸ்வெட்டருக்குள்ளிருந்து, என் வயர் வேலையைக் குறை சொல்வார். "இங்க மழைன்னு ஒன்னு பெய்யுது, அதுக்கு மழைன்னு பேரு வைக்க வெக்கமா இல்லையா இவனுங்களுக்கு" என்பார். பின்னாலிருந்து மகள், "உம்மா, யாரை ஏசறீங்க?" என்று கேட்பாள். "ஊரையே ஏசறேன், நீ வேலையப் பாரு" என்பார். அங்கே போய் இரண்டு மாதத்தில் அக்கம்பக்கத்து மிக்ஸி எல்லாம் இவர் மேஜைக்கு வந்துவிட்டதாம்.

இது எல்லாம் தலைகீழாக மாறியது ஒரு மத்தியானத்தில்.

மழைக்காலம். சோதனைத் தண்டவாளத்தின் ஸ்விட்ச் துருப்பிடித்துப்போய் நான் புதிது வாங்கிவரவேண்டியிருந்தது. காலையில் ராத்தா வந்தார், வழக்கம்போல முதலில் என்னைத் திட்டவில்லை. அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"மோள் கூப்பிட்டா" என்றார்.

"அவளாவா?"

"விசா வந்துருச்சாம். அயர்லாந்து. வெள்ளிக்கிழமை போறாங்களாம்."

அன்று புதன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்னு சொன்னேன்."

பேசினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு கூட்டம் வெளியூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. அதற்காக எல்லா இன்ஜினும் ஏற்கெனவே மேஜையில், அதனதன் ஸ்டேஷனில் நின்றன. பச்சை ஷண்டிங் இன்ஜின் மட்டும் அசையவில்லை. என்ன செய்தாலும் அறைகளை வாசிக்கவே விடவில்லை. முதலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"ராத்தா, ஞான் காலைப் பிடிக்கறேன். இது ஒன்னை மட்டும் ரீசெட் பண்ணுங்க. ஆளுங்க வந்துட்டாங்க."

ராத்தா அவரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நான் அப்போது ஏணியில் ஏறி டியூப்லைட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ராத்தா, "சரி" என்றார். அந்த ஆள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன். ஸ்விட்ச் இல்லாததால் பெட்டியின் வயரைப் பெரிய மேஜையின் தண்டவாளத்தோடு மாட்டினார். பச்சை இன்ஜினையும் அதிலேயே வைத்தார். அதுகூடப் பரவாயில்லை. மற்றவற்றை இறக்கிவிட்டுச் செய்யலாம். ஏணியிலிருந்து நான் அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். கத்தல் வரவில்லை. அதனால் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார், எழுதவில்லை என்று நினைத்தேன்.

எழுதிவிட்டார். எட்டாம் அறையில் எட்டு.

மேஜையில் நின்ற அத்தனை இன்ஜினும் அதைக் கேட்டது. அத்தனையும் அழிந்து மூன்றாயிற்று. அவருக்குத் தெரியாது. பச்சையைச் சோதிக்க மூன்றை அழுத்தி, குமிழைத் திருகினார்.

எல்லாம் கிளம்பின. ஸ்டேஷனில் நின்ற மெயில், பாலத்தில் நின்ற சரக்கு வண்டி, குகைக்குள் கிடந்த ஒன்று, ஓரத்தில் சும்மா காட்சிக்கு வைத்திருந்த பழைய நீராவி இன்ஜின், எல்லாம் ஒரே நேரத்தில், குதித்துக்கொண்டு. மெயில் போய் சரக்கு வண்டியின் முதுகில் ஏறியது. நீராவி இன்ஜின் தண்டவாளம் முடிந்த பிறகும் ஓடி மேஜையிலிருந்து என் ஏணியின் காலடியில் விழுந்தது. பாலத்திலிருந்து பெட்டிகள் பஞ்சில் செய்த ஆற்றுக்குள் சரிந்தன. வாசலில் நின்ற வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். இதுதான் ஷோ என்று நினைத்துவிட்டார்கள்.

ராத்தா கரண்டை அணைத்தார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, வந்தவர்களைச் சாயா குடிக்கக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். ராத்தாவை இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வோர் இன்ஜினையும் ராத்தா காது கொடுத்துக் கேட்டு, வருடக்கணக்காகச் சின்னச் சின்னதாகத் திருத்தி வைத்திருந்தார். மெயில் கிளம்புவது கண்ணுக்கே தெரியாது, பெரிய வண்டி கிளம்புகிற மாதிரி. பச்சை இன்ஜின் நத்தை மாதிரி ஊரும். எதையும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கிறவனுக்கு வண்டி தெரியாது என்பார்.

நான் இறங்கி வந்து, "எது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா ராத்தா?" என்றேன்.

"இல்ல" என்றார்.

வாதாடவில்லை. என் ஸ்விட்சைக் குறை சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. மற்ற வண்டிகளை எல்லாம் பொறுக்கி அலமாரியில் வைத்துவிட்டு, மெயிலை மட்டும் தண்டவாளத்தில் வைத்து, மூன்றை அழுத்தினேன். ஒரு உதறு உதறிவிட்டு ஓடியது. முரட்டுத்தனமாகத்தான் ஓடியது. ஆனால் மலையைச் சுற்றி, குகைக்குள் போய், வெளியே வந்து, நிற்காமல் ஓடியது. அடுத்து பச்சையை வைத்தேன். காலையிலிருந்து உயிரை வாங்கிய பச்சை, அதுவும் ஓடியது.

ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓடுதுடா."

"ஓடாம? எல்லாம் மூணு. மூணுக்கு எல்லாம் ஓடும்."

"அதில்ல. பச்சைக்கு என்ன கேடுன்னு இனி ஆருக்கும் தெரியாது. தெரியாமயே ஓடுது."

அது இன்னொரு சுற்று சுற்றி வந்தது. பிறகு ராத்தா எழுந்து கையைத் துடைத்தார்.

"ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா?"

"எங்க போகணும்?"

"ஜங்காருக்கு. நீயும் வா. நான் பாதியில திரும்பினா பிடிச்சுத் தள்ளு."

மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை ராத்தா பின்சீட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகுதான் ஜங்கார், அதில் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்தியதும் ஆரம்பித்தார். என்ன சொல்றது முதல்ல, விசாவைப் பத்திக் கேக்கவா, மாப்பிள்ளையைப் பத்திக் கேக்கவா, குளிருக்குத் துணி வாங்கினாளான்னு கேக்கவா. நான், "வாய மூடிட்டு வாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா என்னை முறைத்தார். உம்மாவிடம் இப்படியா பேசுவது என்று நினைத்திருப்பார்.

வீடு ஒரு வாய்க்கால் ஓரத்தில். கருகருவென்று மேகம் இறங்கியிருந்தது. வராந்தாவில் பெரிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. மகள் முற்றத்தில் கொடியிலிருந்து துணிகளை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வீட்டில் இல்லை. நான் ஸ்கூட்டரைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தேன். ராத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். கையில் துணி இருந்தது.

"உம்மா."

குரலில் ஒன்றுமில்லை. போனில் வரும் அந்த 'ம்' மாதிரிதான்.

ராத்தா கேட்டைத் திறந்து இரண்டு அடி உள்ளே போனார். போனவர் நின்று கேட்டார்.

"ஒன்னு மட்டும் சொல்லு. நீ அன்னிக்கு சொல்ல வந்தியே, அது நான் உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மகளின் முகம் அப்படியே மூடிக்கொண்டது.

"இதைக் கேக்கவா வந்தீங்க?"

"இல்ல, தெரிஞ்சா…"

எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறிவிட்டது. அடுத்தவர் வீட்டு வாசல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எதையும் நான் பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, எழுதுவதற்கு முன்னால் ராத்தா கிட்டங்கியில் கத்துவதைவிடப் பலமாகக் கத்தினேன்.

"ராத்தா! வண்டி எல்லாம் எறங்கியாச்சா?"

மகள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வலைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். ராத்தா திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முதல் தூறல் ஸ்கூட்டரின் கண்ணாடியில் விழுந்தது.

"எறங்கியாச்சு" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

பிறகு கொடியருகே போனார். பெரிய படுக்கை விரிப்பு ஒன்று இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்து, இரண்டு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முனையை நீட்டினார்.

"மழை வந்துருச்சு மோளே. அந்தப் பக்கம் பிடி."

மகள் கையிலிருந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். விரிப்பின் முனையைப் பிடித்தாள்.